ஒப்பாரியின் முதல் பாதி

கீழப்பட்டி
12.8.2024

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

உன் அக்கா ஜெயக்கொடி எழுதுவது. நேற்று உன்னைப் பார்க்க மனுப் போட்டுவிட்டு ஜெயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு வார்டர் வந்து, "செல்வக்குமாருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். கூடப் பிறந்த அக்கா என்றேன். "அவரு வரமாட்டேங்குறாரும்மா. வீட்டுக்குப் போங்க" என்றார். பக்கத்தில் இருந்த ஒருத்தி தன் போனை எடுத்து, அதில் எதையோ பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உன் கோபம் நியாயம். உன் மச்சான் செத்து மூன்றாம் நாள் உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திருநகர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுத்தொட்டி அள்ள நீதான் லாரி ஓட்டிப் போனாய், உதவிக்கு அவரைக் கூப்பிட்டாய். ஆனால் குழாய் அடைத்ததும் ஆளை உள்ளே இறங்கச் சொன்னது அந்தக் குடியிருப்பின் மேனேஜர். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். நீ உள்ளே இருக்கிறாய். காரணம் நான்.

நான் ஒப்பாரி வைத்ததை நம் பெண்கள் சங்கத்துச் சுபலட்சுமிப் பிள்ளை செல்லில் எடுத்திருந்தது. சங்கத்து ஃபேஸ்புக் பக்கத்தில் போடட்டுமாக்கா என்று கேட்டது. போடு என்று சொன்னது நான். நாலு பேருக்குத் தெரியட்டும், ராஜபாண்டி என்று ஒரு மனுசன் எப்படிச் செத்தான் என்று ஊர் கேட்கட்டும் என்று நினைத்தேன். அதில் உன்னைச் சொல்லி அழுதிருக்கிறேன். போலீஸ் அதைப் பிடித்துக்கொண்டது.

போனை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். திறந்தால் என் மூஞ்சிதான் அழுதுகொண்டு வருகிறது. அதனால்தான் கடிதம். நான் ஆறாவது வரை படித்தவள், தப்புத் தவறு இருக்கும். நீ பதில் போடாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்.

உன் அக்கா
ஜெயக்கொடி


மத்திய சிறை, மதுரை
20.8.2024

சங்கத்து அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே படித்துப் பார்த்து முத்திரை குத்தித்தான் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு முன்னால் ரெண்டு சார் படித்திருப்பார்கள். உனக்கென்ன, அது பழக்கம்தானே. எட்டு லட்சம் பேர் பார்த்த ஆள்.

ஸ்டேஷனில் அந்த வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு தடவை இல்லை. "டேய், நாங்க சொல்லலடா. ஒங்கக்காதான் சொல்லுது, நல்லாக் கேட்டுக்க" என்றார் எஸ்.ஐ. எடுத்த எடுப்பில் நீ மாரில் அடித்துக்கொண்டு,

"கூடப் பிறந்தவனே – நீ
கூட்டிப்போய்க் கொன்னுபுட்டியே
கயிறு ஒண்ணு கட்டாம – என் ராசாவக்
குழிக்குள்ள எறக்கிட்டியே"

என்கிறாய். கீழே எழுத்து ஓடுகிறது, தமிழில் ஒன்று, இங்கிலீசில் ஒன்று. அதற்கு மேலே எவனோ, 'மச்சானைக் கொன்ற மைத்துனன், மனைவி கதறல்' என்று தலைப்புப் போட்டிருக்கிறான். நான் தலைப்பில் வந்துவிட்டேன் அக்கா. நம் குடும்பத்தில் முதல் ஆள்.

ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ரெண்டு ஆள் வேண்டும், கிடைக்கவில்லை என்று வக்கீல் சொல்கிறார். எட்டு லட்சத்தில் ரெண்டு ஆள் இல்லையா? லைக் போட்டவர்களை எல்லாம் என் லாரியில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றால், லாரியும் ஸ்டேஷனில் கிடக்கிறது.

பத்து வருசமாக நீ கொடி பிடித்தாய். 'மனுசனை மலக்குழியில் இறக்காதே' என்று நீ கொடுத்த போஸ்டரை மச்சான்தான் பசை வாளியோடு போய் ஒட்டிவிட்டு வருவார். வந்து என் லாரியில் ஏறுவார். அதை எந்த வீடியோவில் போடுவாய்?

மனுவுக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும்.

செல்வக்குமார்


கீழப்பட்டி
1.9.2024

தம்பி செல்வத்துக்கு,

பதில் போட்டாயே, அது போதும். திட்டுவதற்காவது என் பேர் உனக்கு வேண்டியிருக்கிறது.

போனைப் பானையிலிருந்து எடுத்துவிட்டேன். எடுக்காமல் இருக்க முடியவில்லை. எடுத்ததும் ஒரு பெரிய அதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு, ஆளைக் குழியில் இறக்குகிற பழக்கத்தை அடியோடு ஒழித்துவிட்டோம், எங்கேயாவது நடந்தால் அது விபத்து என்று பேசுகிறார். என்னையறியாமல் போனைப் பார்த்துக் கத்தினேன். அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள் ஓடிவந்து, "ஏத்தா, யாரு வந்திருக்கா?" என்றாள். யாரும் இல்லை, நியூஸ் என்றேன். "அதுகூடச் சண்டை போட்டு என்னத்தக் கண்ட? அது காது கேக்காத சாதி" என்றாள்.

அந்த அதிகாரிக்கு ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பதில் போட்டேன். என் புருசன் விபத்தில் சாகவில்லை, உங்கள் அலட்சியத்தில் செத்தார் என்று. முதலில் வந்த ஆள், 'பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டு வா' என்றான். அடுத்தவன் என்ன சாதி என்று கேட்டான். சென்னையில் ஒருவர், நல்லவர்தான், என் அழுகைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதற்குப் பூ வைத்திருந்தார். செத்தது அவர், பூ எனக்கு. மறுநாள் அதே இடத்தில் கிரிக்கெட் ஓடுகிறது.

அவர்களைத் திட்ட வாய் வரவில்லை, தம்பி. முன்னால் நானும் இப்படித்தானே இருந்தேன்? எங்கேயோ ஒரு பொம்பளை அழுதால், அழுகிற மூஞ்சி ஒன்றைப் போட்டு நாலு பேருக்குத் தள்ளிவிட்டு, குழம்பு அடிப்பிடிக்கிறதே என்று அடுப்புக்கு ஓடியிருக்கிறேன். அந்தப் பொம்பளைக்கு ஒரு தம்பி இருந்தானா, அவன் என்ன ஆனான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒப்பாரி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? அம்மா செத்தபோது நான் அப்பாவைப் பார்த்து, "வச்சுப் பார்க்காமக் கொன்னியே" என்று பாடினேன். அப்பா சொம்பில் தண்ணி கொண்டு வந்து, "தொண்டை கட்டிக்கிரும், குடிச்சுட்டு அழு" என்றார். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டிய ஊருக்கு அதை நான் அனுப்பிவிட்டேன்.

வக்கீல் முத்துக்குமரனிடம், ஒப்பாரியில் சொன்னது சாட்சி ஆகாது என்று கோர்ட்டில் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிகிறார். "அக்கா, மேனேஜரையும் அதே ஒப்பாரியிலதான சொல்லி அழுதிருக்கீங்க? தம்பியச் சொன்னது சும்மான்னா, அவனச் சொன்னதும் சும்மான்னு எழுந்திருச்சுருவான் அவன் வக்கீலு" என்றார். சங்கத்திலும் அதையேதான் சொல்கிறார்கள். இந்த வீடியோ இல்லாவிட்டால் இந்தச் சாவை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அதில் கை வைக்காதீர்கள் என்கிறார்கள். உன்னையும் அவனையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டேன். உன்னை அவிழ்த்தால் அவனும் போய்விடுவான்.

இன்னும் ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது.

அக்கா
ஜெயக்கொடி


மத்திய சிறை, மதுரை
9.9.2024

அக்கா,

அப்பா தண்ணி கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு நான் சின்னப் பையன், உன்மேல் கோபப்பட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போதும் அதையேதான் செய்கிறேன் போலிருக்கிறது.

அந்தத் தொட்டியடியில் நடந்ததைச் சொல்கிறேன். இதைப் படிக்கிற சாரும் தெரிந்துகொள்ளட்டும். பாதி உறிஞ்சியதும் குழாயில் துணி போய் அடைத்துக்கொண்டது. நாளைக்கு ஆளும் கொக்கியும் கொண்டுவந்து எடுக்கிறோம் என்றேன். மேனேஜர், "சாயங்காலம் மாடியில விசேஷம் இருக்கு, நாத்தத்துல வச்சு விருந்தா போடச் சொல்றீங்க? ஒருத்தர் எறங்கி எடுத்துவிட்டா முடிஞ்சது" என்றான். பெல்ட் கேட்டேன். கயிறாவது கேட்டேன். "இதென்ன கெணறா?" என்றான். நான் சட்டையைக் கழற்றினேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம், மாப்ள. இந்த நாத்தத்தோட போய் நின்னா எவ கட்டுவா? நம்மளுக்குத்தான் கட்டி முடிஞ்சுபோச்சுல்ல" என்று சிரித்துவிட்டு இறங்கினார். நான் தடுத்திருக்க வேண்டும். குழாயை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்புட்டுதான்.

அதனால் நீ பாடியது பொய் இல்லை. அதை மாற்றாதே. மேனேஜர் மாட்டுகிற வரைக்கும் நான் உள்ளேயே இருந்துகொள்கிறேன். எனக்கும் இது தேவைதான். வெளியே வந்து யார் முகத்தில் முழிக்க?

ஒன்றுதான் புரியவில்லை. படுத்தால் அதுவே ஓடுகிறது. நம் பக்கத்தில் ஒப்பாரி வைக்கிற பொம்பளை முதலில் தன்னைத்தானே வைதுகொள்வாள். அதற்குப் பிறகுதான் கூடப் பிறந்தவன், அதற்குப் பிறகு வெளியாள், கடைசியில் சாமி. அம்மாவுக்கும் நீ அப்படித்தான் அழுதாய். சித்தி அப்படித்தான் அழுவாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருகிற வரிசை அது. இந்த வீடியோவில் நீ எடுத்ததும் என்னிடம் வருகிறாய்.

உன்னை எங்கே வைதாய், அக்கா?

செல்வம்


கீழப்பட்டி
14.9.2024

தம்பி,

போலீசுக்குத் தெரியவில்லை, வக்கீலுக்குத் தெரியவில்லை, எட்டு லட்சம் பேருக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது.

சுபலட்சுமி எடுத்ததை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டியது. நான் வரிசை தப்பவில்லை.

"தூங்கின சிங்கத்த – நான்
தொட்டு எழுப்பிவிட்டேன்
போகமாட்டேன்னு சொன்னவர – இந்தப்
பாவி நான் போகவச்சேன்"

என்றுதான் தொடங்குகிறேன். வெகுநேரம் என்னைத்தான் வைகிறேன். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள்ளே இருந்த சங்கத்துக்காரி எழுந்துவிட்டாள். இந்தப் போன் உலகம் எனக்குத் தெரியும். பொண்டாட்டியே அனுப்பிவிட்டு இப்போது அழுகிறாள் பார் என்பான் ஒருத்தன். ஊருக்கெல்லாம் போராடுகிறவள் வீட்டு லட்சணத்தைப் பார் என்பான் இன்னொருத்தன். மேனேஜரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "முன்னாடி உள்ளத வெட்டிரு பாப்பா" என்றேன். "எதுலருந்து வைக்கக்கா?" என்றது. "கூடப் பிறந்தவனேன்னு வருதுல்ல, அதுலருந்து வையி" என்றேன்.

எனக்குக் கத்தரி போட்டுக்கொண்டேன். உனக்குப் போடவில்லை. உன்மேல் கோபத்தில் விட்டுவைத்தேன் என்றால்கூட ஒரு கணக்கு இருக்கும். உன்னை நினைக்கவே இல்லை, தம்பி. வீடியோ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். புருசன் பிணம் எரிந்த சூடு ஆறவில்லை, எனக்கு அந்த நினைப்பு.

அன்றைக்குக் காலையில் நடந்தது உனக்குத் தெரியாது. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தலைவலி. நீ போன் அடித்தபோது, "இன்னைக்கு முடியலைன்னு சொல்லிரு ஜெயா" என்றார். எனக்கு வீட்டில் சங்கக் கூட்டம். பொம்பளைகள் வருகிற நேரத்தில் ஆம்பளை நடுவீட்டில் கைலியோடு கிடந்தால் நன்றாகவா இருக்கும்? போர்வையை உருவினேன். "தம்பி கூப்பிடுறான்ல, எந்திரிங்க. நாலு பேரு வாரதுக்குள்ள கெளம்புங்க" என்றேன். "ஒன் சங்கம் வந்தா எனக்கு என் வீட்லயே எடமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். கோபமாக இல்லை. கேலியாகத்தான்.

அவர் குழிக்குள் இறங்கிய நேரத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? யாரோ ஒரு தலைவர் மேடையில் பொம்பளைகளைப் பற்றிக் கேவலமாகப் பேசியிருந்தார். அதற்கு என்ன எழுதிப் போடுவது, 'கண்டிக்கிறோம்' என்பதா, 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பதா என்று சண்டை. வன்மையாக என்று போடத்தான் வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் போன் வந்தது. கூட்டத்தில் இருக்கிறேன் என்று ரெண்டு தடவை எடுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. நீயும் சேர்ந்து சுமக்கும்படி ஆகிவிட்டது, அதுதான் கண்டது.

நீ உள்ளே இருந்துகொள்கிறேன் என்கிறாய். என் பங்குக்கும் சேர்த்து இருக்கிறாய். அதை நான் விடமாட்டேன். சுபலட்சுமியை வரச் சொல்லியிருக்கிறேன். வெட்டியதை ஒட்டி, முழுசாகப் போடப்போகிறேன். சங்கத்தில் கேட்டால் வேண்டாம் என்பார்கள், அதனால் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கோர்ட்டு.

ஜெயக்கொடி


கீழப்பட்டி
27.9.2024

தம்பி,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முழு வீடியோவும் போட்டாயிற்று. நான் பயந்தது எல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. கொலைகாரி என்றார்கள். நாடகக்காரி என்றார்கள். அரசியல் பக்கம் ஒன்று என் படத்தை ரெண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் கொடி பிடிக்கிற நான், மறு பாதியில் அழுகிற நான் என்று போட்டிருக்கிறது. சங்கத்துப் பொறுப்பாளர் அம்மா வந்து, "இவ்வளவு பேரு பாடுபட்டது எல்லாத்தையும் ஒரே நாள்ல கவுத்திட்டீங்களே, ஜெயக்கொடி" என்று சொல்லி அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் வெயிலிலும் மழையிலும் எனக்காக நின்றவர். இனி சங்கத்துப் பக்கத்தில் எதுவும் போடாதீர்கள் என்றார். சரி என்றேன்.

மாஜிஸ்திரேட் ஒரு சின்ன வயசுப் பெண். "வீடியோவுல சொன்னது உண்மையா, பொய்யாம்மா?" என்று கேட்டார். "அது அழுகைங்கம்மா. அதுல அந்தக் கேள்வி வராது. இப்ப அழாமச் சொல்றேன், எழுதிக்கங்க" என்றேன். போர்வையை உருவியதிலிருந்து சொன்னேன். தொட்டியடியில் நடந்ததைச் சொல்லும்போது, "நீங்க பாத்தீங்களா?" என்றார். "நான் பாக்கலை. பாத்தது என் தம்பி. அவன இதுவரைக்கும் எல்லாரும் குத்தவாளியாத்தான் கேட்டாங்க, சாட்சியா ஒருத்தரும் கேக்கலை. அவனக் கேளுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

மேனேஜர் தப்புவானா மாட்டுவானா என்று முத்துக்குமரனுக்கே சொல்லத் தெரியவில்லை. இனி எல்லாம் நீ சொல்லப்போகிற சாட்சியில் இருக்கிறதாம். உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? பாண்டியம்மாள் புருசனும், ஊரில் நம்மோடு பேசாமல் இருந்த ராமக்காள் மகனும். ரெண்டு பேருக்கும் டச் போனே கிடையாது.

நீ வெளியே வருகிற அன்று ஜெயில் வாசலுக்கு வரட்டுமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் வாரேன்.

ஜெயக்கொடி


திருப்பூர்
8.10.2024

அக்கா,

வெளியே வந்து ஒரு வாரம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. திருப்பூரில் தங்கி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள். அது உண்மைதான். ஆனால் ஒரு நாள் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று கோர்ட்டு சொல்லவில்லை. நான்தான் வரவில்லை. ஜெயிலில் உன் கடைசி ரெண்டு கடிதமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. படித்துவிட்டு உன்மேல் இருந்த கோபம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை, இன்னும் கூடியது. பாட்டுக்காக இல்லை. அந்தக் கத்தரிக்காக.

சாட்சிக்கு வருவேன். எந்தத் தேதி என்றாலும் வருவேன். மேனேஜர் சொன்னதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். கூடவே நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொல்வேன். நீ சொன்ன பிறகு நான் மறைத்தால் நன்றாக இருக்காது.

வீட்டுக்கு எப்போது வருவேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்த அன்று மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு ஆள், தலை நரைத்தவர், போனைச் சத்தமாக வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு சமையல், ஒரு சண்டை, ஒரு கட்சிக்காரர், ஒரு நாய்க்குட்டி. அதற்கு அடுத்து நீ. 'தூங்கின சிங்கத்த' என்று உன் குரல். நான் அதுவரை அந்த முதல் பாதியைக் கேட்டதே இல்லை. அவர் தள்ளிவிடப் போனார். "அண்ணே, அது முழுசா ஓடட்டும்" என்றேன். அவரும் போனை ரெண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

உன்னை நீ வைதுகொண்டே இருக்கிறாய். போதும் போதும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் 'கூடப் பிறந்தவனே' வந்தது. ஸ்டேஷனில் கேட்டது மாதிரி இல்லை. அந்த இடத்தில் என்னைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவாய் என்று தோன்றியது.

முடிந்ததும் அந்த ஆள், "பாவம், தன்னையே இம்புட்டு வஞ்சுக்கிருது" என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தெரிஞ்சவுகளா?" என்று கேட்டார்.

எங்கக்கா என்றேன்.

தம்பி
செல்வம்